அந்தக் காளான் பொடி விவகாரம்

நேற்று இணையத்தில் ஒரு பஞ்சாயத்து. காளான் பொடி விற்கிற ஒருத்தர் 'ஞாபக மறதியா? மனச்சோர்வா? காளான் பொடி ஒரு ஸ்பூன்!' என்று போட்ட பதிவுக்கு நான் எழுதிய பதிலைத் தூக்கியாச்சு. எனக்கு 'இயற்கைக்கு எதிரி' பட்டமும் கொடுத்தாச்சு. சந்தோஷம்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று: பொடி வேண்டாம், காளானைச் சமைச்சுச் சாப்பிடுங்க.

பொடிக்காரர் ஆதாரமாகக் காட்டிய சிங்கப்பூர் ஆய்வில் பொடியே கிடையாது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 663 பேர்; 2019-இல் வெளியானது. வாரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களுக்கு லேசான நினைவுக் குறைபாடு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. ஒரு பங்கு என்றால் சமைத்த காளான் முக்கால் கப், சுமார் 150 கிராம். டப்பாக் காளானும் அதில் சேர்த்திதான். அது தகர டப்பா சார், உங்க பொடி டப்பா இல்லை. காளானால் மறதி குறைந்ததா, மறதி இல்லாதவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. இதைச் சொன்னதும்தான் கோபம் வந்தது.

'ஜப்பானில் காளான் மாத்திரையே கொடுத்தாங்களே?' கொடுத்தாங்க. சிங்கப்பிடரிக் காளான், தினம் 3 கிராம், 16 வாரம், முப்பது பேர் அளவில். ஞாபகம், சிந்தனைச் சோதனையில் மதிப்பெண் கூடியது, மாத்திரையை நிறுத்தி நாலு வாரத்தில் இறங்கியது. உங்க டப்பாவில் எந்தக் காளான் என்றே எழுதவில்லையே!

மனச்சோர்வுக்கு வருவோம். அமெரிக்காவில் 24,699 பேரின் தரவில், காளான் சாப்பிடுபவர்களுக்கு அது குறைவு. ஆனால் கூடுதலாகத் தின்றால் கூடுதல் பலன் என்று எதுவும் தெரியவில்லை. அப்புறம் உங்க பொடிக்கு 'டபுள் டோஸ் பேக்' எதற்கு?

'வயசானவங்களால மெல்ல முடியாது.' நியாயம்தான். சிப்பிக்காளானின் அடிக்காம்பு ரப்பர் மாதிரி இருக்கும், நறுக்கி எறியுங்க. மேல்பாகத்தை நார் போகும் வாக்கிலேயே மெல்லிசாகக் கிழியுங்க. தண்ணீரில் ஊற வைக்காதீங்க, ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். அகலமான வாணலி, நல்ல தீ, 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். குவித்துப் போட்டால் வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்து சவசவன்னு ஆகிடும். விட்ட தண்ணீர் வற்றின பிறகு உப்பு, மிளகு. பிசுபிசுப்போ புளிச்ச வாடையோ இருந்தால் குப்பைக்கு. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவங்க டாக்டரிடம் அளவு கேளுங்க.

'இவ்வளவு வேலை யார் செய்யறது?' என்று ஒருத்தர் கேட்டார். அதுதானே விஷயம்! வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலக்கி நீட்டிட்டு ஆபீஸ் போயிடலாம். கிழிச்சு வதக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற வேண்டியிருக்குமே.

அதே பதிவின் கீழே ஒரு பெரியவர், பொடி வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கமென்ட்டை மட்டும் யாரும் நீக்கவில்லை. ஹார்ட் போட்டிருக்காங்க.