பட்டம் வேண்டாம் என்பவர்களிடம் ஒரு கேள்வி

"டிகிரி எல்லாம் வெறும் காகிதம், திறமைதான் சோறு போடும்" என்று யாராவது எழுதினால் அந்தப் பதிவுக்கு லைக் அள்ளும். எழுதியவரின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அவரே ஒரு பட்டம் வைத்திருப்பார், சில பேர் இரண்டு. பிள்ளையையும் அலசி ஆராய்ந்து நல்ல கல்லூரியில் சேர்த்திருப்பார். உபதேசம் ஊருக்குத்தான்.

சரி, அவர் சொல்வது பொய்யா? பொய் இல்லை. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் ஆளிடம் சரக்கு இருக்கிறதா என்பதுதான் பேச்சு. ஆனால் வேலையைச் செய்வது வேறு, வேலை கிடைப்பது வேறு. ஒருவருக்குத் திறமை இருக்கிறது என்பதை யார் பார்க்கப்போகிறார்கள், எப்படிப் பார்ப்பார்கள், அதற்கான நேரத்தையும் பணத்தையும் யார் செலவழிப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் பட்டத்தைத் தூக்கிப்போடச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்னால் நிற்கும் ஆள் நன்றாக வேலை செய்வாரா என்று முதலாளிக்குத் தெரியாது. அதனால் படிப்பை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். படிப்பு ஒருவரின் திறனைத் துளிகூடக் கூட்டாவிட்டாலும் பரவாயில்லை. அதை முடிப்பது திறமைசாலிக்குச் சுலபம், மற்றவருக்குச் சிரமம் என்றிருந்தாலே அந்த அடையாளம் வேலை செய்யும் என்றார். 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். பட்டம் நிலைத்து நிற்பதற்கான காரணம் இதில் இருக்கிறது. ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூமே வந்து குவியும்போது, எச்ஆர் ஆளுக்கு அதைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி வேண்டும். பட்டம் அந்த வேலையை ஒரு நொடியில், செலவே இல்லாமல் செய்து கொடுத்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான உலகம் ஒன்று இருக்கிறது. வெல்டர்களை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஓரம் சாய்த்துச் சீவிய இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து இணைக்கச் சொல்வார்கள். இணைத்ததும் முதலில் கண்ணால் பார்ப்பார்கள். அப்புறம் அந்த இணைப்புக்குக் குறுக்கே பட்டை பட்டையாக அறுத்து, மேடு தெரியாமல் வழவழவென்று தேய்த்து, ஒவ்வொரு பட்டையையும் யு வடிவத்துக்கு வளைப்பார்கள். வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும். உள்ளே கசடு மாட்டியிருந்தாலும் சரி, இரும்போடு இரும்பு சரியாக உருகிச் சேராமல் இருந்தாலும் சரி, அந்த இடம் வாயைப் பிளந்துவிடும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமான விதிப்படி ஒரு பிளவு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தேர்வில் தோல்வி. குழாய் வேலை என்றால் இன்னும் கொடுமை. 6ஜி என்று ஒரு நிலை உண்டு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள். வெல்டர்தான் கீழே குனிந்தும் மேலே எட்டியும் சுற்றிவர வேண்டும். எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு?

அதைவிட எனக்குப் பிடித்த விதி இன்னொன்று. கொதிகலன், அழுத்தக் கலன் வேலைகளுக்கான அமெரிக்க விதித்தொகுப்பில், ஒருவர் ஒரு வெல்டிங் முறையை 6 மாதம் தொடவே இல்லை என்றால் அதற்கான தகுதி காலாவதி. அமெரிக்க விமானிகளுக்கும் இப்படித்தான்: பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமானால் கடைசி 90 நாட்களுக்குள் 3 முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். கல்லூரிப் பட்டத்துக்கு மட்டும் காலாவதித் தேதி கிடையாது. இருபது வயதில் வாங்கிய முதல் வகுப்பை அறுபது வயதிலும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

எல்லா வேலையையும் இப்படி வளைத்துப் பார்க்க முடிந்தால் நானும் பட்டத்தைத் தூக்கிப்போடச் சொல்வேன். முடியாது. ஒரு மேனேஜரின் தவறான முடிவு வெளியே தெரிய இரண்டு வருடம் ஆகும். அதற்குள் அவர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். சோதிக்கக் கஷ்டமான வேலைகளில்தான் காகிதத்தின் ராஜ்ஜியம் நடக்கிறது.

ஆனால் சோதிக்கக்கூடிய வேலைகளிலும் நாம் சோதிப்பதில்லை, அதுதான் கோபம். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதை எது சரியாகக் கணிக்கிறது? வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லும் சோதனை பட்டியலின் உச்சியில் இருந்தது. படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அடியில். 2022ல் வேறொரு குழு அந்தக் கணக்கைத் திருத்தியபோது கணிப்புத் திறனைக் காட்டும் எண்கள் நன்றாகவே இறங்கின. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்காணல் மேலே வந்தது. சொல்லப்போனால், வருடக் கணக்கில் சொல்லப்படும் அனுபவமும் பெரிதாகக் கணிப்பதில்லை என்றுதான் இரண்டு கணக்குமே சொல்கின்றன. "எனக்குப் பத்து வருட எக்ஸ்பீரியன்ஸ்" என்று மார்தட்டுபவர்கள் கவனிக்க.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் புரோகிராமர் தேர்வுக்கு இப்படி ஒரு சோதனை வைத்திருந்தோம். பழுதான ஒரு சின்ன புரோகிராமைக் கொடுப்போம். மாதத்தின் 13ம் தேதியிலிருந்து அது எர்ரர் அடிக்கும். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படிக்கிறது, 13வது மாதம் என்று ஒன்று இல்லாததால் அங்கே உதைக்கிறது. வந்தவர்கள் பலர் இதைக் கண்டுபிடித்தார்கள், எர்ரர் வராமல் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்கள். பட்டம் முடிக்காத ஒரு பையன் மட்டும் திருத்திய பிறகும் எழுந்திருக்கவில்லை. "அப்ப முதல் 12 நாள் கணக்கும் தப்புதானே சார்? அது சத்தம் போடாம தப்பா போயிருக்கு. பழைய டேட்டாவை யாரு சரிபண்றது?" என்று கேட்டான்.

அவனை எடுத்துக்கொண்டோம். கதையின் சுவாரசியம் அதில் இல்லை. முறைப்படி விண்ணப்பித்திருந்தால் அவன் ரெஸ்யூமே எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது, பட்டம் இல்லாதவர்களை ஃபில்டர் கழித்துவிடும். எங்கள் டீமில் ஒருவருக்கு அவனைத் தெரியும், அதனால் உள்ளே வந்தான். பட்டம் கேட்காத இடத்தில் பல நேரம் அந்த இடத்தை நிரப்புவது சிபாரிசுதான். தெரிந்தவர் யாரும் இல்லாத வீட்டிலிருந்து முதல்முறையாகப் படித்து வருபவருக்குப் பட்டம்தான் சிபாரிசுக் கடிதம். அவரிடம் போய் "அது வெறும் காகிதம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நிறுவனங்கள் மாறிவிட்டன என்பார்கள். அமெரிக்காவில் பல பெரிய நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலிருந்து பட்டத் தகுதியை எடுத்துவிட்டன, உண்மைதான். அதன் விளைவு என்ன என்று ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து 2024ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்த மாற்றத்தால் பலன் அடைந்தவர்கள், வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் 700 பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கூடத் தேறவில்லை. விளம்பரத்தில் ஒரு வரியை அழிக்க ஒரு நிமிடம் போதும். உள்ளே நேர்காணல் நடத்துபவரின் கண் இன்னமும் அந்த வரியைத்தான் தேடுகிறது.

அரசாங்கங்களும் அப்படித்தான். அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவுக்குப் பட்டம் இல்லாதவர் அனுபவத்தைக் காட்டலாம். ஆனால் கல்லூரியின் ஒரு வருடத்துக்கு வேலை அனுபவம் மூன்று வருடம் என்பது கணக்கு. நான்கு வருடப் படிப்புக்கு ஈடாக 12 வருட உழைப்பைக் காட்ட வேண்டும்!

ஜெர்மனியை உதாரணம் காட்டாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே 1969ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் 300க்கும் மேற்பட்ட தொழில்களைச் சம்பளத்தோடு பழகலாம், பெரும்பாலும் மூன்று மூன்றரை வருடம். வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறை, மீதி நாள் பள்ளி. "பார், அங்கே கைத்தொழிலுக்கு மரியாதை" என்பவர்கள் விட்டுவிடுவது, கடைசித் தேர்வைத்தான். அந்தத் தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சங்கங்கள். பழக்கிவிட்ட முதலாளி தானே "என் பையன் தேறிவிட்டான்" என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. கைத்தொழிலுக்கும் அங்கே காகிதம் உண்டு, அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு கடுமையான சோதனை உண்டு. இன்னொரு வேடிக்கை: 2020 முதல் அங்கே இதற்கு அடுத்த கட்டமான மாஸ்டர் தேர்வில் தேறிய கைவினைஞர்களும் 'பேச்சுலர் புரொஃபெஷனல்' என்று போட்டுக்கொள்ளலாம். கடைசியில் அவர்களுக்கும் அந்த பேச்சுலர் தேவைப்பட்டிருக்கிறது.

பட்டம் இல்லாமல் வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு மைக்கேல் ஃபாரடேயைச் சொல்வேன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1812ல் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே பைண்டிங் செய்து அவருக்கே அனுப்பினார். அடுத்த வருடம் டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர். திறமை இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, எடுத்துப் புரட்டிப் பார்க்கும்படி கையில் கொடுத்துவிட்டார். (மின்சாரம், காந்தம் பற்றி அவர் பின்னாளில் கண்டதைக் கணிதச் சமன்பாடுகளாக்க கேம்பிரிட்ஜில் படித்த மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. கல்லூரியைத் திட்டும்போது இதையும் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) நீங்கள் போகும் துறையில் அப்படி எடுத்துக் காட்ட ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் துணிந்து இறங்கலாம். இல்லையென்றால், பிடிக்கிறதோ இல்லையோ, அந்தப் பட்டத்தை முடித்துவிடுங்கள்.

அப்புறம், ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு "டிகிரி முக்கியமில்லை" என்று பதிவு போடுபவர்களுக்கு: உங்கள் இடத்தில் அதற்குப் பதிலாக என்ன சோதனை வைத்திருக்கிறீர்கள்? அதில் தேறிப் போன மாதம் யாராவது உள்ளே வந்தார்களா? கமென்ட்டில் எழுதுங்கள், விண்ணப்பிக்க ஆட்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள்.