உண்மை விளக்கம்: ஆதரவு விலை என்றால் அரசு வாங்கியே தீர வேண்டுமா?

“குறைந்தபட்ச ஆதரவு விலை சட்டப்படியான உரிமை, நெல்லைத் திருப்பி அனுப்பினால் வழக்குப் போடலாம், அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

22 பயிர்களுக்கு மத்திய அரசு அறிவிக்கும் இந்த விலை கொள்கை முடிவுதான், சட்டம் கிடையாது. கரும்பு மட்டும் விதிவிலக்கு, அதன் விலைக்குச் சட்ட பலம் உண்டு. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலைகள் 14 நாளில் பணம் தர வேண்டும். குழப்பத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், தளர்வு அறிவிக்கப்படாத வரை கொள்முதல் நிலையம் மறுக்கலாம். அமைச்சர் அவையில் தரும் உறுதிமொழியும் சட்டமாகாது. அது நிறைவேறியதா என்று நாடாளுமன்றத்தின் உறுதிமொழிகள் குழு கண்காணிக்கும், அவ்வளவே. அடுத்த முறை இப்படி வந்தால், அமைச்சர் அவையில் பதிலளித்த கேள்வியின் எண்ணையும் தேதியையும் அனுப்பியவரிடம் கேளுங்கள். மக்களவை இணையதளத்தில் பதிலைத் தேடிப் படித்துவிடலாம்.