கூச்சி மேனின் தொப்பையைத் தேடுகிறவர்களுக்கு

அட்லாண்டா ராப்பர் கூச்சி மேன் பற்றி யார் எதை எழுதினாலும், பழைய ஆள்தான் அசல், இப்போது இருப்பவர் டூப்பு என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். 2016 மே 26 அன்று இண்டியானாவின் டெரி ஹோட் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது தொடங்கிய கூத்து இது. உள்ளே போனவருக்குத் தொங்கும் தொப்பை, சொருகிய கண், வாய்க்குள்ளேயே உருளும் பேச்சு. வந்தவரோ வயிறு ஒட்டி, பல் தெரியச் சிரித்துத் தெளிவாகப் பேசினார். அரசாங்கம் ஆளையே மாற்றிவிட்டது என்று கிளப்பிவிட்டார்கள். முதலில் நானும் சிரித்தேன். இப்போது எரிச்சலாக இருக்கிறது.

அந்தப் பழைய குரலில் பாதி, லீன் போட்ட குரல். கோடீனும் புரோமெதசினும் கலந்த இருமல் மருந்தைச் சோடாவில் ஊற்றிக் குடிப்பதுதான் லீன். ஹூஸ்டன் ராப் உலகம் வழியாகப் பரவிய பழக்கம். அங்கேயே இசைத்தட்டுக் கலைஞர் டிஜே ஸ்க்ரூ 2000இல் போனார், பக்கத்து போர்ட் ஆர்தர்காரரான ராப்பர் பிம்ப் சி 2007இல் போனார். இரண்டு சாவிலும் கோடீன் இருந்தது. 2013 செப்டம்பரில் கூச்சி ட்விட்டரில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் வைது தீர்த்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. சில நாளில் அவரே மன்னிப்புக் கேட்டு, லீனுக்கு அடிமையாகிவிட்டேன் என்றார். செத்தவர்களுக்கு டி-ஷர்ட் அடிக்கிறோம், பிழைத்து வந்தவரை டூப்பு என்கிறோம். என்ன ரசனையோ!

அவரிடம் இருந்த பாட்டுத் திறமை லீன் கொடுத்ததும் இல்லை. ரேட்ரிக் டேவிஸ் என்ற இயற்பெயர் கொண்ட கூச்சி 1980இல் அலபாமாவின் பெஸ்ஸெமரில் பிறந்து, சிறுவயதில் கிழக்கு அட்லாண்டாவுக்கு வந்தவர். போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு அந்த ஊரில் ட்ராப் என்று பெயர். அந்த வாழ்க்கையைப் பாடும் ராப்புக்கும் அதே பெயர். அட்லாண்டா ராப்பர் டி.ஐ. 2003இலேயே அதை ஆல்பத் தலைப்பில் ஏற்றியிருந்தார். கூச்சிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் இசையமைப்பாளர் ஸேடோவென். முடிதிருத்தக் கற்றுக்கொண்டே பெற்றோர் வீட்டு அடித்தளத்தில் ட்ராக் போட்ட பையன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். கூச்சி அங்கே முதலில் போனது தனக்காக அல்ல, ஒரு சின்னப் பையனை ராப்பராக்க. வரிகளை எழுதிக் கொடுத்தவர் கடைசியில் தானே மைக் முன்னால் நின்றார். அந்தக் காலத்துப் பாட்டுகளில் 808 என்ற மின்னணு டிரம் கருவியின் அடிக்கு மேலே பியானோ எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கீழே தெரு, மேலே கோயில்.

அப்புறம் அவருடைய காது. வாக்கா ஃப்ளாக்கா, யங் தக், மீகோஸ் ஆகிய ராப்பர்களை உலகம் கேட்பதற்கு முன் தன் ஸ்டுடியோவுக்கு இழுத்து வந்தவர் அவர். அட்லாண்டா சத்தம் என்று இன்று உலகம் சொல்வதில் பாதி அந்தக் கதவு வழியாக வந்தது. அவருடைய பெரிய சாதனை அதுதான் என்பேன், ஹிட் பாட்டுகள் அதற்கு அடுத்துதான்.

2006 மிக்ஸ்டேப்புகளில் இருந்த அந்தக் குறும்பு இப்போது குறைவு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடுதலையாகி இரண்டே மாதத்தில் வந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் இரண்டாம் இடம். அதே ஆண்டு ரே ஸ்ரெம்மர்டு என்ற ராப் இரட்டையருடன் பாடியது முதலிடம். இதையெல்லாம் செய்தது தெளிந்த தலை.

சாதுவாகிவிட்டார் என்று புலம்புகிறவர்கள் 2020 நவம்பரில் இன்னொரு அட்லாண்டா ராப்பரான ஜீஸியுடன் அவர் மோதிய வெர்ஸஸைப் பார்க்கட்டும். இருவர் தங்கள் பாட்டுகளை மாறி மாறி இறக்கிப் போட்டி போடும் இணைய நிகழ்ச்சி அது. பகை 2005இல் இருவரும் சேர்ந்து பாடிய ‘ஐசி’யில் தொடங்கியது. அந்த ஆண்டே ஒரு வீட்டில் தன்னைத் தாக்கியவர்களை நோக்கிக் கூச்சி சுட்டதில், ஜீஸியின் வட்டத்து ஆள் ஒருவர் இறந்தார். தற்காப்பு என்றார். சாட்சியம் போதாமல் கொலை வழக்கு 2006இல் கைவிடப்பட்டது. பதினைந்து வருடம் கழித்து, ஜீஸியை எதிரே வைத்துக்கொண்டே, இறந்தவரைச் சீண்டும் பாட்டைப் பாடினார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து ‘ஐசி’யைப் பாடினார்கள். பழைய வன்மம், பழைய திமிர், எல்லாம் அப்படியே இருந்தது. தொப்பை மட்டும் இல்லை.