"இதை நானே போட்டுருவேனே!"

நவீன ஓவியம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு கூச்சம். "எனக்கு அதெல்லாம் புரியாதுப்பா" என்று எடுத்த எடுப்பிலேயே கையை விரித்துவிடுவோம். இல்லையென்றால் "இதை நானே போட்டுருவேனே" என்று நக்கலடிப்போம். நான் இரண்டாவது கட்சி. நியூயார்க்கில் இருக்கிற மோமா அருங்காட்சியகத்துக்கு அக்காவோடு போகும்வரை அந்தக் கட்சியில் உறுதியாகவே இருந்தேன்.

அக்காவுக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரியாது. இருபது வருடமாகத் துணி தைக்கிறாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் மாடியில் ஆரம்பித்தோம். 1880களிலிருந்து 1940கள் வரையிலான படங்கள் அங்கே. வான்கோ 1889இல் வரைந்த அந்த நட்சத்திர இரவு முன்னால் தேர் பார்க்க வந்த மாதிரி கூட்டம். எல்லார் கையும் மேலே, கை நுனியில் போன். நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். அதற்குள் அக்கா இடுக்கில் நுழைந்து முன்வரிசைக்கே போய்விட்டாள்.

"டேய், இங்க வா. நடுவுல துணி தெரியுது பாரு."

உண்மைதான். பெயின்ட் சில இடங்களில் வரப்பு மாதிரி மேடு கட்டி நிற்கிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே மெல்லிய சந்து. அதில் தூரிகையே படாத கேன்வாஸ். காலண்டரிலும் டீ ஷர்ட்டிலும் எத்தனையோ முறை பார்த்த படம் இது. அதில் வரையாமல் விட்ட இடம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்து டாலியின் உருகி வழியும் கடிகாரங்கள். மனதுக்குள் நான் ஒரு சுவர் அளவுக்கு எதிர்பார்த்திருந்தேன். இருந்ததோ 24 சென்டிமீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் அகலம். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது! அப்புறம் நான்காம் மாடியில் பொல்லாக் 1950இல் பெயின்டைச் சொட்டவிட்டு வரைந்த ஒரு படம். அகலம் மட்டும் 5 மீட்டருக்கு மேல். என் போனில் இந்த இரண்டும் ஒரே அளவு. எதிரே நிற்கும்போது ஒன்றுக்குக் குனிய வேண்டியிருக்கிறது, இன்னொன்றுக்குப் பின்னால் நகர வேண்டியிருக்கிறது. ஓவியர் முடிவு செய்த விஷயங்களில் அளவும் ஒன்று இல்லையா? அதைத்தான் போன் முதலில் முழுங்குகிறது.

இடையில் நான் காத்திருந்த படம் வந்தது. மாலெவிச், 1918. வெள்ளைப் பின்னணியில் ஒரு வெள்ளைச் சதுரம். விட்டால் இனி வாய்ப்பு கிடைக்காது என்று "இதை நானே போட்டுருவேனே" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"உள்ள இருக்கிற கட்டம் நேரா இல்லடா, சாஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே வெள்ளையும் இல்ல."

வெள்ளைத் துணிக்கு ஒட்டுப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியுமாம். ஒரு வெள்ளையில் லேசாக நீலம் ஓடும், இன்னொன்றில் மஞ்சள் ஓடும். பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புலப்படும். உள்ளே இருந்தது குளிர்ந்த வெள்ளை, வெளியே இருந்தது வெதுவெதுப்பான வெள்ளை. தூரிகை போன தடம்கூடத் தெரிந்தது. ஐந்து நிமிடம் நின்றோம். நானாக இருந்தால் ஐந்து விநாடி.

என் கட்சி இதுதான்: "புரியவில்லை" என்று சொல்கிற நாம் முக்கால்வாசி நேரம் பார்க்கவே இல்லை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை ஒரு வரி விடாமல் படிக்கிறோம், படத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்க்கிறோம், அடுத்த குறிப்புக்குப் போகிறோம். நானும்தான். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? 1961இல் இதே மோமாவில் மத்தீஸ் காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த படகுப் படம் ஒன்று 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. படகு கீழே, தண்ணீரில் தெரியும் அதன் நிழல் மேலே. கடைசியில் கண்டுபிடித்தது பார்வையாளராக வந்த ஒரு பெண்மணி. அவரும் என் அக்கா கட்சி என்றே நினைக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. முக்காலி மேல் சைக்கிள் சக்கரத்தைக் கவிழ்த்து வைத்த டூஷாம்பின் சமாச்சாரம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. 1913இல் செய்த முதல் சக்கரம் தொலைந்துபோய், மோமாவில் இருப்பது 1951இல் மறுபடி செய்தது. தொலைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்றால் அதில் நான் எதை உற்றுப் பார்ப்பது? யோசிக்க நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வீட்டிலிருந்தே யோசிக்கலாம். வார்ஹோலின் 32 சூப் டப்பாக்கள் அப்படியல்ல. அச்சடித்தது என்றே நினைத்திருந்தேன். எல்லாம் கையால் வரைந்தவை. டப்பாவின் அடியில் ஓடும் பூ வரிசையை முத்திரை குத்திப் பதித்திருக்கிறார். டப்பாவுக்கு டப்பா அது ஒரு மாதிரி இல்லை.

இரண்டரை மணி நேரத்தில் கால் வலி எடுத்துவிட்டது. பாதிகூடப் பார்க்கவில்லை. வருத்தமும் இல்லை.

அன்று ராத்திரி அக்கா அந்த வெள்ளைச் சதுரத்தைப் போனில் எடுத்து வைத்திருந்ததை அத்தானுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "படம் லோடு ஆகலயே, திரும்ப அனுப்பு."