பிப்ரவரியில் போனாலும் வீண் இல்லை
கிழக்கு ஆப்பிரிக்கப் பயணம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) கூட்டம் கடப்பதைப் பார்க்காவிட்டால் சஃபாரியே வீண் என்பதுபோல் சொல்கிறது. அப்படியெல்லாம் இல்லை. பிப்ரவரியில் அதே கூட்டம் தான்சானியாவில், செரெங்கெட்டி வனவிலங்குப் பகுதியின் தெற்குப் புல்வெளியில் கன்று ஈனும். எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதனால் புல்லில் சத்து அதிகம். கன்று பிறந்த சில நிமிடங்களிலேயே எழுந்து ஓடும். சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரையில் ஜீப்புகள் முட்டிமோதுவதை வேடிக்கை பார்ப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம், கால்நடை மேய்க்கும் மாசாய் மக்களின் கிராமத்தில் அடுமு குதிப்பு நடனத்தை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு பக்கத்துப் பாதுகாப்புப் பகுதியான கோரோங்கோரோவுக்கு வந்த மாசாய் குடும்பங்கள் உண்டு. மேய்ச்சல் நிலம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேசுவார்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசி, கிராமத்தார் கையிலேயே கொடுங்கள்.