நாலு வீதமும் நம்ம வட்டையும்

2030க்குள் பச்சைவீட்டு வாயுக்களை 14.5 வீதம் குறைப்போம் என்று இலங்கை 2021இல் ஐநாவுக்கு எழுதிக் கொடுத்தது. அதில் நாமாகச் செய்வது 4 வீதம்தான். மிச்சம் 10.5 வெளிநாட்டு உதவி கிடைத்தால்.

அதைவிட உறுத்துவது வேறொன்று. இந்தக் குறைப்பு இன்றைய அளவிலிருந்து அல்ல. எதுவும் செய்யாமல் விட்டால் 2030இல் எவ்வளவு போகும் என்று ஒரு கோடு போட்டு, அதிலிருந்து கழிக்கிறார்கள். கோட்டை உயர்த்திப் போட்டால், புகை கூடினாலும் 'குறைத்துவிட்டோம்' என்று அறிக்கை எழுதலாம். இத்தனை தொன்னுக்கு மேல் போகமாட்டோம் என்று ஒரு தொகை சொல்லுங்கள், அது இலக்கு.

"ஆளுக்கு வருடத்துக்கு ஒரு தொன் அளவு விடுகிற நமக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாட்டுக்கும் எரிவது டொலர் கொடுத்து இறக்கும் நிலக்கரி. 2022இல் டொலர் இல்லாமல் பட்டபாடு மறந்துபோச்சா? 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்கிறார்கள். 2025 சித்திரை விடுமுறையில் கூரைச் சூரியகலங்களைப் பகலில் நிறுத்தச் சொன்னதும் இதே நாட்டு மின்சார சபைதான். பகலில் மிஞ்சியதைச் சேமிக்க அப்போது போதிய பற்றரி இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

மட்டக்களப்பில், நம்ம பக்கத்து விசயம் வயல். நீர் கட்டிய வயலில் மண்ணுக்குள் காற்றுப் போகாது, நுண்ணுயிர்கள் மெதேன் விடும். நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். இடைக்கிடை நீரை வற்றவிட்டுத் திரும்பப் பாய்ச்சினால் மெதேன் பாதியளவுக்குக்கூடக் குறையும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. பெரும்போகத்தில், மார்கழி மழைக்குள், படுவான்கரை வயல்வெளியில், நம்ம வட்டையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! சிறுபோகத்தில் முடியும், அப்போது உன்னிச்சையோ நவகிரியோ, குளத்து நீர்தான். ஆனால் வற்றவிட்டவருக்குக் கேட்கிற நாளில் வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும். அந்த உறுதி இல்லாமல் யாரும் வற்றவிடமாட்டார்கள், வாய்க்கால் முடிவில் வயல் வைத்திருப்பவர் நிச்சயமாக மாட்டார்.

குளம் எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பது போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. அதிகாரிகளும், வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமாரும் இருக்கிற இடம் அது. அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் விவசாய அமைப்புகள் ஒரு கண்டத்து வயல்களுக்காவது நீர் விடும் திகதிகளை எழுத்தில் கேட்கவேண்டும். விளைச்சல் குறைந்தால் ஈடு யார் தருவது என்றும் கேட்கவேண்டும். 10.5 வீதத்துக்கென்று வெளிநாட்டுக் காசு வந்தால் முதலில் அந்த வாய்க்கால்களைத் திருத்துங்கள். கொழும்பு ஹோட்டலில் இன்னொரு செயலமர்வு வேண்டாம்.