அகலப்படுத்தினால் மட்டும் போதுமா?
சாலையை அகலப்படுத்தினால் போதும், ஓரத்து நிலத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு வாசல் திறக்க அனுமதி வாங்கச் சொல்வது வீண் கெடுபிடி என்கிறது இந்தக் கட்டுரை. எனக்கு அது ஒப்பவில்லை. இருவழிச் சாலையில் ஒரு வாசல் திறந்தால் அது ஒரு முச்சந்திதான். வண்டிகளின் பாதைகள் மோதிக்கொள்ளும் இடங்கள் 9. நடுவில் தடுப்பு வைத்து இடப்பக்கத் திருப்பம் மட்டும் விட்டால் அது 2 ஆகிவிடும். அகலப்படுத்துவதால் இது குறையாது, வேகம்தான் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வருபவர் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். வளைவைத் தாண்டியதும் ஒரு லாரி பின்பக்கமாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தால் பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 'என் நிலம், என் வாசல், அரசுக்கு என்ன?' என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, வாசலே கூடாது என்று யார் சொன்னது? பக்கத்து மனைக்காரரோடு சேர்ந்து ஒரே வாசல் வைக்கலாம், பின்னால் கிளைச் சாலை இருந்தால் அங்கே திறக்கலாம். அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று வடிகால். வாசல் வைக்கிறவர்கள் தண்ணீர் போகக் குழாய் பதிக்காமல் ஓரத்து வாய்க்காலில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் தார் மேல் ஏறி, சாலை விளிம்பை அரித்துவிடுகிறது. வீட்டுக்கென்று வாங்கிய அனுமதியில் பிறகு லாரிக் கிடங்கு நடத்துகிறவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் கெடுபிடி என்பாரா?